பழைய ஆம்ப்ளிஃபயரும் பழுதறிந்தவர் கூலியும்

மின்சாரக் கித்தார் என்றதுமே முகஞ்சுளிப்போர் நம் சங்கத்தில் பலர் உளர் என்பதை நான் அறிவேன். பொங்கல் விழாவில் நாதசுரம் ஒலித்த மேடையில் அந்தக் கருவிக்கு என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே நான் எடுக்கப்போவதில்லை. நான் பேச வந்தது கித்தாரைப் பற்றியும் அன்று. அதன் குரலை வெளியே கொணரும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றியும், அதைத் திருத்தியமைக்கும் கைகளுக்கு நாம் கொடுக்கத் தயங்கும் கூலியைப் பற்றியுமே.

ஒலிபெருக்கி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்பீர்கள். இல்லை. பேச்சாளர் முன் வைக்கும் ஒலிபெருக்கியின் கடமை, வாங்கிய குரலை மாற்றாமல் பெருக்கித் தருவது. கித்தார் ஆம்ப்ளிஃபயரோ இசைக்கருவியின் மறுபாதி. வீணைக்குக் குடம் எப்படியோ, மின்சாரக் கித்தாருக்கு அது அப்படி. தந்தியிலிருந்து வருவது மெலிந்த மின்னலை மட்டுமே. அதற்கு உடலும் நிறமும் கொடுப்பவை வால்வுகளும், டிரான்ஸ்ஃபார்மர்களும், ஸ்பீக்கரும் ஆகும். தாத்தா வீட்டுப் பழைய ரேடியோவின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே தணல்போல் ஒளிர்ந்த கண்ணாடிக் குழல்களைப் பார்த்தவர்கள் நம்முள் சிலர் இருக்கக்கூடும். அதே இனத்து வால்வுகள்தாம் இவை. டிரான்ஸிஸ்டர் வந்ததும் ரேடியோவை விட்டு அவை அகன்றன. கித்தார்க்காரர்கள் மட்டும் அவற்றைக் கைவிடவில்லை. பழமைப் பித்து மட்டுமே இதற்குக் காரணம் அன்று. அளவுக்கு மேல் ஓட்டும்போது வால்வு சட்டென்று முறியாமல் மெல்ல வளைந்து கொடுக்கிறது. அந்த வளைவிலே பிறக்கும் கரகரப்பைத்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் கித்தாரின் குரல் என்று கேட்டு வருகிறது.

இந்தக் கருவிகளில் இன்று இருவகை உண்டு. முதல் வகை மூலப்பிரதிகள். கலிபோர்னியாவில் புல்லர்டன் என்னும் ஊரில் லியோ ஃபெண்டர் நடத்திய தொழிற்சாலையில் 1950-களிலும் 1960-களிலும் செய்யப்பட்டவை அவற்றுள் தலைசிறந்தவை. ஒரு நார்ப்பலகையில் உறுப்புகளை வரிசையாக அமைத்து, கம்பி கம்பியாகக் கையாலேயே சால்டர் வைத்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை முடிந்ததும் சிறு காகித நாடாவில் தம் பெயரை எழுதி உள்ளே ஒட்டிவிடுவார்கள். அறுபது ஆண்டு கழித்துத் திறந்து பார்க்கும்போதும் அந்தப் பெயர் அங்கே இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த செய்தி இது ஒன்றுதான்.

1965-இல் ஃபெண்டர் தம் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றார். சில ஆண்டுகளில் கறுப்பு முகப்புத் தகடு வெள்ளி நிறமாயிற்று; சில வகைகளில் உள்ளே சுற்றும் மாறிற்று. மாறியது பிடிக்காத வாத்தியக்காரர்கள் நிபுணர்களைத் தேடிச் சென்று, கூலி கொடுத்து, 1965-இன் சுற்றுக்கே திரும்ப மாற்றிக்கொண்டார்கள். ஆக, இந்தத் தொழிலின் ஒரு பெருங்கிளை புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்காக எழுந்ததன்று. கம்பெனி செய்ததை அழிப்பதற்காகவே எழுந்தது!

இரண்டாம் வகை மறுபதிப்புகள். பழம்புத்தகத்துக்கு மறுபதிப்பு வருவதுபோல, 1959-ஆம் ஆண்டு பாஸ்மன் என்ற ஆம்ப்ளிஃபயரை அதே கம்பெனி 1990-இல் மீண்டும் வெளியிட்டது; பின்னர் 1965-ஆம் ஆண்டு வகைகளும் வந்தன. மேலே போர்த்திய துணி அதே, குமிழ்கள் அதே. உள்ளே மட்டும் நார்ப்பலகைக்குப் பதில் அச்சிட்ட சுற்றுப்பலகை. பாஸ்மனில் மாறுமின்னோட்டத்தை நேராக்கும் வால்வும் போய், அதன் இடத்தில் டயோடு வந்தது. தந்தியை ஓங்கி அடிக்கும்போது மின்னழுத்தம் சற்றே அமுங்கி மறுபடி எழும் அந்த மூச்சு அந்த வால்வினுடையது. அது போனால் மூச்சும் போயிற்று என்று செவியுள்ளோர் முறையிட்டனர். திருத்துவோரிடம் கூட்டம் கூடியதில் வியப்பென்ன?

இனி வழக்குக்கு வருவோம். பொறியியல் படிக்கும் நம் நண்பர்கள் சிலர் சொல்வது இது: ‘சுற்றின் படம் எல்லாருக்கும் கிடைக்கிறது. உறுப்புகள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. சால்டர் வைக்கத் தெரியாதவன் எவன்? பின் எதற்காக ஒருவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும்?’ கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால், படம் தெரிந்தால் ஒலி தெரிந்துவிடும் என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் எண்ணம். அந்த எண்ணத்தைச் சரித்திரம் ஒருமுறையன்று, பலமுறை பொய்யாக்கியிருக்கிறது.

லண்டன் நகரத்து ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் என்பார் பறை வாத்தியங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களின் விலை கட்டுப்படியாகாத இளைஞர்கள் அவரிடம் வந்து முறையிட, அவர் தம் கடையில் ரிப்பேர் செய்துவந்த கென் பிரான் முதலியோரைக் கொண்டு 1962-இல் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்வித்தார். அவர்கள் பார்த்துச் செய்தது பாஸ்மனின் சுற்றையேதான். ஏறத்தாழ வரிக்கு வரி. ஆயினும் பிறந்த ஒலி வேறு! டிரான்ஸ்ஃபார்மர் இங்கிலாந்தில் கிடைத்தது. வால்வுகளும் நாளடைவில் அங்குக் கிடைத்தவையாயின. பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதில், மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் அமர்ந்தன. அவ்வளவே. படம் ஒன்றாயிருக்க, ஒன்று அமெரிக்கக் குரலாகவும் மற்றொன்று ஆங்கிலக் குரலாகவும் உலகெங்கும் பெயர் பெற்றன. படத்தில் எழுதாத செய்திகளிலேயே பாதி ஒலி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த எழுதாத பாதியை அறிந்தவருக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

இன்னொரு கதையும் உண்டு. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ராண்டல் ஸ்மித் என்ற ரிப்பேர்க்காரர், 1960-களின் இறுதியில், பாரி மெல்டன் என்ற வாத்தியக்காரரிடம் ஒரு குறும்பு செய்ய எண்ணினார். அவருடைய பிரின்ஸ்டன் என்ற சிறிய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து, அதனுள் பாஸ்மனின் பெரிய சுற்றையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் எப்படியோ திணித்துவிட்டார். வெளியே பார்த்தால் குழந்தை. வாயைத் திறந்தால் சிங்கம். கார்லோஸ் சந்தானா அதை வாசித்துப் பார்த்துச் சொன்ன ‘பூகி’ என்ற சொல்லே பிறகு பெயராகி, மெஸா பூகி என்ற கம்பெனி எழுந்தது. குறும்பாயினும் கைதேர்ந்தவரின் குறும்பு! மற்றவர் செய்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்திருக்கும்.

நிபுணரை விட்டுச் செவிவழிச் செய்தியை நம்பியவர் கதை வேறு. எடி வான் ஹேலன் 1978-இல் தம் குழுவின் முதல் இசைத்தட்டில் எழுப்பிய ஒலியைக் கேட்டு உலகத்து இளைஞரெல்லாம் மயங்கினர். மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைக்கவும் உதவும் வேரியாக் என்ற கருவியைத் தம் மார்ஷலுக்கு முன் அவர் வைத்திருந்தார். தொடக்கத்தில் அவர் கொடுத்த பேட்டிகளில் அழுத்தத்தைக் கூட்டியதாகச் செய்தி வந்தது. உண்மையில் அவர் செய்தது அமெரிக்க மின்சாரத்தை 90 வோல்ட் அளவுக்குக் குறைத்ததுதான். பின்னாளில் அவரே அதைச் சொன்னார். அதற்குள் கூட்டிப் பார்த்து வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்தவர்கள் எத்தனை பேரோ! அவருடைய மார்ஷலை லாஸ் ஏஞ்சல்ஸ் நிபுணர் ஹொசே அரெடோண்டோ திருத்தியதாகவும் பேச்சு எழுந்தது. அந்தத் திருத்தத்தைத் தங்களுக்கும் செய்து தரக் கோரிப் பலர் பணத்தோடு சென்றார்கள். அரெடோண்டோ வல்லவர்தாம், அவர் கைபட்ட மார்ஷல்களுக்குத் தனிப்புகழ் உண்டு. ஆனால் அந்த முதல் இசைத்தட்டில் ஒலித்த ஆம்ப்ளிஃபயரின் உள்ளே திருத்தமே இல்லை என்பதுதான் இன்று ஆராய்ந்தோர் பலரின் முடிவு. ஒருவன் விரலில் இருந்ததை இன்னொருவன் சுற்றில் தேடினான். நிபுணருக்குக் கொடுக்கும் பணத்தை நான் ஆதரிப்பது இதற்காகவும்தான்: நல்ல நிபுணர் செய்யும் வேலையில் ஒரு பங்கு, ‘இது உனக்கு வேண்டாம்’ என்று சொல்லி அனுப்புவது.

உயிர் காக்கும் திருத்தம் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களுக்கு இரண்டு முள் பிளக் மட்டுமே. எர்த் கம்பி கிடையாது. இரைச்சலைக் குறைப்பதற்காக மின்கம்பியின் ஒரு பக்கத்திலிருந்து இரும்புச் சட்டத்துக்கு ஒரு சிறு கண்டென்ஸரைப் பொருத்தியிருப்பார்கள். அது பழுதாகி உள்ளே ஒட்டிக்கொண்டால், சட்டத்தில் மின்சாரம். சட்டத்தோடு சேர்ந்த கித்தார்த் தந்தியிலும் மின்சாரம். ‘மரணக் கண்டென்ஸர்’ என்றே அதற்குத் தொழிலில் பெயர். இது வெறும் அச்சுறுத்தல் அன்று. எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு, ஸ்டோன் தி குரோஸ் குழுவின் லெஸ்லி ஹார்வி 1972-இல் சுவான்ஸீ நகர மேடையிலேயே மாண்டார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976-இல் தம் வீட்டில் கித்தார் வாசிக்கையில் மின்சாரம் தாக்கி இறந்தார்.

நம் நாட்டிலோ 230 வோல்ட். அமெரிக்கக் கருவியை இங்கே ஓட்ட 120 வோல்ட்டுக்கு இறக்கும் பெட்டி ஒன்று வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் பல ஒரே சுருளில் கிளை எடுத்தவை. வெளி மின்சாரத்துக்கும் கருவிக்கும் இடையே அவற்றில் பிரிவே கிடையாது. போதாக்குறைக்கு, விடுதிச் சுவரில் மூன்றாவது துளை இருக்கும்; அதற்குப் பின்னால் கம்பி இருக்காது! மூன்று முள் கயிறு மாட்டுவதும், அந்தக் கண்டென்ஸரைக் கழற்றுவதும், அரை நாள் எடுத்து எர்த்தைச் சோதிப்பதும் ஒலியை ஒரு துளியும் உயர்த்தா. ஆனாலும் முதற்கூலி அதற்கே. மூலப்பிரதியின் தூய்மை கெடும் என்று இதற்குத் தடை சொல்லும் சேகரிப்பாளரை நான் மதிக்க மாட்டேன்.

‘நானே திறந்து செய்துகொள்வேன்’ என்னும் வீரருக்கும் ஒரு சொல். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்ஸர்கள் 400 வோல்ட்டுக்கு மேலும் தேக்கி வைத்திருக்கக்கூடும். அவற்றை முறையாக வடித்துவிட்டு, ஒரு கையை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு அளவெடுக்கும் பழக்கம் பரீட்சைத்தாளில் வருவதன்று.

என் கருத்துக்கு உரமானது நம் விடுதி நண்பர் ஒருவரின் அனுபவம். அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய அவருடைய மாமா, டீலக்ஸ் ரிவர்ப் என்ற மறுபதிப்பு ஆம்ப்ளிஃபயரை அவருக்குக் கொடுத்தார். நல்ல கருவி, ஆனால் குமிழைச் சிறிதே திருப்பினால் காதில் ஊசி பாய்ச்சுவதுபோல் ஒலித்தது. ஒரு கடையில் கேட்டபோது உள்ளே இருக்கும் கண்டென்ஸர் அனைத்தையும் விலையுயர்ந்தவையாக மாற்ற வேண்டும் என்று பெரிய பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். பிறகுதான் செங்கோட்டைக்கு எதிரே லஜபத்ராய் மார்க்கெட்டில், ஒரு காலத்தில் வால்வு ரேடியோ பழுதுபார்த்த பெரியவரிடம் சென்றோம். உஸ்தாத் என்றே எல்லாரும் அவரை அழைக்கிறார்கள். வந்தவுடன் திறக்கவில்லை அவர். ‘வாசி, பேட்டா’ என்றார். அரைமணி நேரம் கேட்டார். எந்த ஊரில் வாங்கியது, எந்த அறையில் வாசிக்கிறாய், எவ்வளவு சத்தமாக வாசிக்கிறாய் என்றெல்லாம் விசாரித்தார். பின்னர்த் திறந்து, இறுதி வால்வுகள் சும்மா இருக்கையில் எத்தனை மில்லியாம்பியர் இழுக்கின்றன என்று அளந்து, சரிசெய்தார். கடைசியாக, ஒலியளவுக் குமிழின்மேல் பாலம்போலிருந்த 47 பிகோஃபாரட் கண்டென்ஸர் ஒன்றை எடுத்துவிட்டார். கூர்மையான ஒலியைக் குமிழைச் சுற்றிக்கொண்டு முன்னே ஓடவிடுவது அதன் வேலை. சிறிய அறையில், குறைந்த அளவில் வாசிப்பவனுக்கு அதுவே தொல்லை. ஊசி போயிற்று.

கூலி 4000 ரூபாய். சேர்த்த உறுப்பு ஒன்றும் இல்லை; எடுத்தது ஒன்று. விடுதியில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ‘ஒரு பொருளை எடுத்ததற்கா நாலாயிரம்? மாட்டியிருந்தால் பத்தாயிரம் கேட்டிருப்பாரோ?’ என்றார் ஒருவர். அதே பட்டியல் கடைக்காரர் இருபது கண்டென்ஸர்களை மாட்டி இருமடங்கு வாங்கியிருந்தால் இவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு. ஏனெனில் கையில் பிடித்துப் பார்க்கப் பொருள் இருந்திருக்கும். பொருளுக்கு விலை கொடுக்கத் தெரிந்த நமக்கு, அறிந்து சொன்ன சொல்லுக்கு விலை கொடுக்க மனம் வருவதில்லை. அதிலும் அந்தச் சொல் பட்டம் பெற்றவர் வாயிலிருந்து வந்தால் ஆலோசனைக் கட்டணம் என்போம். கறைபடிந்த கையுடன் ஸ்டூலில் அமர்ந்தவர் வாயிலிருந்து வந்தால் பேரம் பேசுவோம். நாளை நாமும் பொறியியலறிஞர் என்ற பெயரில் அறிவுக்கே சம்பளம் கேட்கப்போகிறவர்கள் அல்லவா?

விலையுயர்ந்த கண்டென்ஸர்களைப் பற்றி என் ஐயத்தையும் மறைக்கவில்லை. முதுமையால் உலர்ந்துபோன மின்பகு கண்டென்ஸர்களை மாற்றுவது கட்டாயம், அது வைத்தியம். நன்றாயிருக்கும் சிறிய கண்டென்ஸர்களைப் பெயருக்காக மாற்றுவது எனக்கு ஆபரணமாகவே படுகிறது. அந்தப் பணத்தில் ஸ்பீக்கரை மாற்றினால் பக்கத்து அறைக்காரனுக்கும் வேறுபாடு தெரியும்.

அப்படியானால் எல்லா ஆம்ப்ளிஃபயரையும் நிபுணரிடம் கொடுத்து வேண்டியபடியெல்லாம் திருத்தலாமா என்றால், அங்கே நான் ஒரு வரம்பு கட்டுவேன். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தந்த உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களைக் கண்டபோது அவற்றை அடிக்குறிப்பிலே தந்தார். பிற ஏடுகளின் பாடத்தை மறையவிடவில்லை. 1950-களின் ஆம்ப்ளிஃபயர் நமக்கு ஏடு போன்றது. அதில் எர்த்தும், உலர்ந்த கண்டென்ஸரும், வால்வும் தவிர வேறெதையும் திருப்பி வைக்க முடியாதபடி மாற்றுதல் ஆகாது. 1970-களில் நல்ல நல்ல கருவிகளின் முகப்புத் தகட்டில் துளையிட்டு, ஒலியை அடக்கும் புதுக் குமிழ்களைப் பலர் பொருத்திவிட்டார்கள். அவர்களை நான் பழிக்கவில்லை. பத்து வயதுப் பழைய சாமான் அது. அவர்கள் இரவுதோறும் வாசித்துப் பிழைத்தவர்கள். பல ஆண்டு கழித்து அதைப் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்குவார்கள் என்று அவர்கள் எங்ஙனம் அறிவர்? நாம் அறிவோம். நமக்குச் சாக்கு இல்லை. மறுபதிப்போ அச்சுப் புத்தகம். அதன் ஓரத்தில் தாராளமாக எழுதலாம். பிழை நேர்ந்தால் இன்னொன்று கடையில் கிடைக்கும். பேட்டைக்கு ஒரு திருத்தமாகச் செய்து பாருங்கள். நிபுணர் கைக்கு அது நல்ல பயிற்சியும் ஆகும்.

நிபுணர்களிலும் தம் வேலையை மறைப்பவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் டம்பிள் என்பவர், 2022-இல் காலமானவர், வாசிப்பவரின் கையைப் பார்த்து அவரவருக்கேற்ப ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தார். அவர் செய்தவை இன்று லட்சம் டாலரையும் தாண்டி விலைபோகின்றன. ஆனால் சுற்றைப் பிறர் பார்க்காதபடி அதன்மேல் பிசின் ஊற்றி மூடிவிடுவார். அவர் மேதை என்பதில் ஐயமில்லை. பிசினை மட்டும் என் மனம் ஒப்பவில்லை. நம் ஊர்களில் வால்வு அறிந்த ரேடியோ மெக்கானிக்குகள் பிசின் ஊற்றாமலே மறைந்துகொண்டிருக்கிறார்கள். ரேடியோ போயிற்று, தொழில் போயிற்று, பிள்ளைகள் கைப்பேசிக் கடை வைத்துவிட்டார்கள். உஸ்தாதிடம் இன்று சீடன் என்று ஒருவரும் இல்லை. மாதத்துக்கு நான்கு ஆம்ப்ளிஃபயர் நியாயமான கூலியோடு வந்தால் ஒரு பையனை வைத்துக்கொள்வேன் என்கிறார்.

ஆகவே நண்பர்களே, உங்களில் யாரேனும் கருவியை எடுத்துக்கொண்டு அவரிடமோ அவரைப் போன்றவரிடமோ சென்றால், கூலியை முன்னரே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்ததைக் குறைக்காதீர்கள். செய்த வேலையை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய உறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். நம் நண்பருக்கு உஸ்தாத் கேளாமலே தந்தார்: ஒரு சிறு காகித உறை, அதன்மேல் தேதி, உள்ளே அந்த 47 பிகோஃபாரட் கண்டென்ஸர். ஆம்ப்ளிஃபயர்ப் பெட்டியின் உட்புறத்தில் அதை ஒட்டி வைத்திருக்கிறார். என்றேனும் பெரிய மேடையில் வாசிக்கும் நாள் வந்தால் அது வேண்டியிருக்குமாம்.